கின்னிப்பியும் சாயத்தொட்டி மீன்களும்

எங்கள் வீட்டில் ஒரு வார்த்தையை வாயால் சொல்லக் கூடாது. சேற்றில் புரளும், நாங்கள் தின்னாத அந்தப் பிராணியின் பெயர். தவறிச் சொல்லிவிட்டால் வாய் கொப்பளிக்க வேண்டும். உம்மாவிடம் இந்த விஷயத்தில் தாட்சண்யமே கிடையாது. "இது எந்தக் கிதாபுல இருக்கு?" என்று வாப்பா ஒருமுறை சீண்டினார். "எங்க உம்மா வீட்டுல இருக்கு" என்றாள். தெருவில் ஒன்று குறுக்கே ஓடினாலும், 'அது ஓடுது' என்பாள். 'அது' என்று ஒரு மாதிரி அழுத்திச் சொன்னால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு பொருள்தான். இப்போது எழுதத்தானே செய்கிறேன், துணிந்து எழுதுகிறேன்: பன்றி. எழுதுகிற கைக்குக் கொப்பளிப்பு கிடையாது என்றுதான் நினைக்கிறேன்.

தென்காசியில் எங்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தம். வாப்பா சாரம் நெய்தார். மற்ற ஊர்க்காரர்கள் கைலி, லுங்கி என்பதை நாங்கள் சாரம் என்போம். முன்கட்டில் தறிக்குழி, நடுவில் சமையலும் படுக்கையும், பின்னால் சுவர் வைத்த வளவு. வளவில் ஒரு முருங்கை, ஒரு கிணறு, கிணற்றடியில் முழங்கால் உயரத்துக்கு விளிம்பு எழுப்பிய ஒரு காரைத் தொட்டி. முன்பு நூலுக்குச் சாயம் போட்ட தொட்டி அது. சாயம் ஏறிய நூலே கடையில் கிடைக்க ஆரம்பித்த பிறகு அதில் சருகும் மழைத்தண்ணீரும் கொசுவும்தான் இருந்தன.

அணா போய் நயா பைசா வந்த புதிதில் நான் பெரியவளானேன். அதோடு பள்ளிக்கூடம் நின்றது, தெரு நின்றது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் அதுதான் வழக்கம். யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. வேளாவேளைக்குச் சோறு, பெருநாளைக்குப் புதுத் துணி, பேசிச் சிரிக்கக் கூட்டாளிகள் வந்தால் அவர்களுக்கும் பலகாரம். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. பூகோளத்தில் ஆப்பிரிக்கா பாதியில் நிற்கிறது, மீதி ஆப்பிரிக்காவை யாரிடம் கேட்பது? சண்டை போடத் தெரியாததால் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். கேட்டால் 'உம்', கேட்காவிட்டால் அதுவும் இல்லை. வளவில் கிணற்றடிக் கல்லில் போய் உட்கார்ந்துகொள்வேன். "ஏட்டி, கல்லோட கல்லா ஆயிருவ" என்று உம்மா திட்டுவாள். நான் அசைய மாட்டேன்.

வாப்பா ஒருநாள் தறியை நிறுத்திவிட்டு வந்து தொட்டிக்குள் இறங்கினார். சருகை அள்ளிப் போட்டார், தேங்காய் நாரால் தேய்த்தார், தண்ணீர் இறைத்து நிரப்பி வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊற வைத்தார். திறந்துவிட்டால் நீலமாக ஓடியது. மறுபடி நிரப்பினார். பழைய சாயம் லேசில் விடுமா? அவசரப்பட்டு வாய்க்காலில் பிடித்து வந்து விட்ட கெண்டைக் குஞ்சுகள் மறுநாளே வயிற்றை மேலே காட்டி மிதந்தன. அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்கத் தொட்டி நிரம்புவதும் வடிவதுமாக இருந்து, தண்ணீர் ஒருவழியாகத் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. சுவரில் மட்டும் நீலம் போகவே இல்லை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் வாப்பா துண்டும் சாரமும் மூட்டை கட்டி சைக்கிளில் வைத்துக்கொண்டு போவார். அருவியில் குளிக்க வருகிறவர்கள் துண்டை மறந்துவிட்டு வருவார்கள் என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை. அங்கே மேட்டில் ஒரு பங்களாவில் தேயிலைத் தோட்டத்துத் துரைசானி ஒருத்தி இருந்தாள். சீமைக்கே திரும்பிப் போகப்போகிறாள் என்று சாமான்களையெல்லாம் வேண்டியவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். மேசை நாற்காலி வாங்க ஆள் இருந்தது. தோட்டத்துக் குளத்தில் கிடந்த சிவப்பு மீன்களை வாங்க ஆள் இல்லை. வாப்பா கேட்டார். பால் தூக்கில் மீனும் தண்ணீருமாக சைக்கிளில் மாட்டி, குலுங்கிச் சிந்திய தண்ணீருக்கு மேலகரத்தில் ஒரு கிணற்றடியில் இறங்கி வேறு தண்ணீர் வார்த்து, வீடு வந்து சேரும்போது சாரம் முழங்கால் வரை நனைந்திருந்தது.

தங்கமீன் என்று பெயர்தான், நிறம் செங்கல்தான். நீலச் சுவர் தொட்டிக்குள் அந்தச் செங்கல் நிறம் திரும்பும்போது பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். பொரி போட்டால் வாயைத் திறந்து திறந்து மூடும். கொசுப்புழு ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. மலேரியாவுக்கு மருந்து அடிக்கிறவர்கள் பம்பைத் தூக்கிக்கொண்டு தெருவில் நுழைந்தால், நான் ஓடிப்போய்த் தொட்டியைப் பாயால் மூடுவேன். மீன்கொத்திக்குப் பயந்து பழைய வலை ஒன்றையும் கட்டி வைத்தோம். அப்படியும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் முருங்கைக் கிளையில் வைத்து என் கண்ணெதிரே தின்றது. சண்டாளப் பறவை.

மீன் வந்த பிறகு நான் கொஞ்சம் பேச ஆரம்பித்தேன் என்று உம்மா சொல்வாள். இருக்கலாம். ஆனால் மீனிடம் ஒரு குறை உண்டு, தொட முடியாது. கையை விட்டால் அந்தப் பக்கம் போய்விடும். என்னைப் பார்த்து வருகிறதா, பொரியைப் பார்த்து வருகிறதா என்பது கடைசிவரை தெரியாது.

மீன் வந்த அந்த வாரமே வாப்பா மறுபடியும் துரைசானி பங்களாவுக்குப் போனார். இந்த முறை சைக்கிளின் பின்னால் ஓலைப்பெட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே வைக்கோலில் இரண்டு உருண்டைகள். ஒன்று செவலையும் வெள்ளையும், இன்னொன்று கறுப்பும் வெள்ளையும். வால் இல்லை. காது சிறிசு. முயலை யாரோ அமுக்கிவிட்டதுபோல இருந்தன. செவலையைத் தூக்கி என் மடியில் விட்டார் வாப்பா. அது நடுங்கியது. பிறகு பாவாடை மடிப்புக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது. மடி மெல்லச் சூடானது. நான் சிரித்தேன் போலிருக்கிறது. உம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னதுங்க இது?"

"துரைசானி சொன்னாவ. என்னமோ... கின்னிப்பி."

"கின்னிப்பியா?"

"கின்னிப்பிதான். வேகமாச் சொன்னாவ. ரெண்டு வாட்டி கேட்டேன், ரெண்டு வாட்டியும் கின்னிப்பின்னுதான் சொன்னாவ."

அன்றிலிருந்து அவை கின்னிப்பி. உடைந்த தறிச் சட்டங்களை வைத்து வாப்பா ஒரு கூண்டு அடித்தார். கீரிக்கும் சாரைப்பாம்புக்கும் இடம் கொடுக்காமல் நாலு பக்கமும் கம்பிவலை. அருகம்புல், கீரைத்தண்டு, வெள்ளரித் தோல் எதைப் போட்டாலும் தின்றன. புல் கட்டு சரசரக்கும் சத்தம் கேட்டால் போதும், 'குயீக், குயீக்' என்று தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கூப்பாடு. வாப்பாவின் சைக்கிள் மணிக்கும் அதே கூப்பாடு. பிறகு குட்டி போட்டன. கண் திறந்து, உடம்பெல்லாம் மயிரோடு பிறந்த குட்டிகள் ஈரம் காய்ந்ததும் ஓட ஆரம்பித்தன. நின்ற இடத்திலேயே திடீரென்று துள்ளி எகிறும். எதற்கு எகிறுகிறது என்று அதற்கே தெரியாது. அதைப் பார்த்து நானும் உம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

என்னைவிட உம்மாதான் அவற்றோடு அதிகம் பேசினாள். அரிசி களைந்துவிட்டு வரும்போது, "கின்னிப்பி, வாப்பா, கின்னிப்பி, வாம்மா" என்று கொஞ்சுவாள். விசேஷ வீட்டில் போய்க்கூட, "எங்க கின்னிப்பிக்குக் கீரைத்தண்டு எடுத்துக்கிடுதேன்" என்று மடியில் கட்டிக்கொண்டு வருவாள். ஊருக்கெல்லாம் கின்னிப்பி என்ற பெயர் தெரிந்ததே உம்மாவால்தான்.

அடுத்த வீடு வாப்பாவின் லாத்தா, அதாவது அக்கா வீடு. எனக்கு மாமி. மாமி நல்லவள், நாக்கு மட்டும் கொஞ்சம் கூர். தலைவகிடு கோணினால் அவளுக்குப் பொறுக்காது. குற்றாலத்து சீசன் கடையில் வாங்கிய முள் ஒன்று வைத்திருந்தாள். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக, ஒரு சாண் நீளத்துக்கு, அடியில் வெள்ளிப் பூண் போட்டது. அதை வைத்து நேராக ஒரு கோடு இழுப்பாள், பிறகு கொண்டையிலேயே செருகிக்கொள்வாள். எனக்குத் தலை வாரும்போதும் அந்த முள்தான். குத்தால முள்ளு என்று நாங்கள் சொல்வோம்.

மாமியின் மகன் கொழும்பில் ஒரு கடையில் இருந்தார். எனக்கு முறை மச்சான். அதனால் அவர் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். கின்னிப்பிகள் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, விடுமுறையில் வந்தவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வளவுக்கு வந்தார். கோட்டுப் பையில் பவுண்டன் பேனா. சாப்பிடுகிற நேரத்தில்கூட அந்தப் பேனாவைக் கழற்ற மாட்டார்.

"மாமி, இது என்னது?"

"கின்னிப்பி மருமவனே. ஒங்க மாமா குத்தாலத்துல இருந்து கொண்டாந்தாவ" என்று உம்மா பெருமையாகச் சொன்னாள்.

மச்சான் சிரித்தார். "கின்னிப்பியா? இது கினி பிக் மாமி. கொழும்புல ஒரு துரை வூட்டுல பாத்திருக்கேன். கினி வேற, பிக் வேற. பிக்குன்னா இங்கிலீசுல..." மரியாதை தெரிந்தவர், அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். "அதான் மாமி. அது."

உம்மாவின் கையிலிருந்து செம்பு விழுந்து கிணற்றடியில் உருண்டது. கதவிடுக்கில் எனக்கு அவள் முகம் தெரிந்தது. "அப்பம் இத்தன நாளா நான் அதச் சொல்லியா கொஞ்சுனேன்?" என்றாள். மச்சான் போன பிறகு கிணற்றடிக்குப் போனவள் அந்தியில் மக்ரிப் பாங்கு சொல்லும்வரை கொப்பளித்தாள். மறுநாளிலிருந்து கூண்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவை 'குயீக்' என்று அவளைக் கூப்பிட்டால், முந்தானையால் காதை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

அந்த மச்சானைத்தான் பிற்பாடு எனக்குக் கட்டி வைத்தார்கள். அந்த இங்கிலீசுக்காக நான் அவரை வாழ்நாள் முழுக்கக் குத்திக் காட்டியிருக்கிறேன் என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

உம்மா வாயால் ஊரெல்லாம் பரவிய பெயர், இப்போது மாமி வாயால் ஊரெல்லாம் அர்த்தத்தோடு பரவியது. 'சாரம் நெய்யுதவரு வீட்டுல அது வளக்காவளாம்' என்று பேச்சு. நபி புகழ் பாடும் மௌலூது ஓதி முடித்து, எங்கள் வீட்டிலிருந்து நார்சாவாக, ஓதிய சோற்றுப் பங்காக, நெய்ச்சோறு தெருவுக்குக் கொடுத்து அனுப்பினோம். எதிர் வீட்டிலிருந்து தட்டு அப்படியே திரும்பி வந்தது. வயிறு சரியில்லையாம். அடுத்த வீட்டிலும் வயிறு சரியில்லை. ஒரு தெரு முழுக்க எப்படி ஒரே நாளில் வயிறு கெடும்? உம்மா அந்தத் தட்டுகளை அடுக்களையில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வாப்பா சாப்பிடாமல் தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி படுக்கும்போது அவர் என்னிடம் சொன்னார்: "மீனு இருக்கட்டும்மா. மீனுல ஒரு பேச்சும் இல்ல. அதுவள மட்டும் குத்தாலத்துல மலையடிவாரத்துல விட்டுருதேன்."

மலையடிவாரத்தில் நரி உண்டு, பாம்பு உண்டு. செவலைக்கு என் மடியைத் தவிர வேறு காடு தெரியாது. அழுதால் வாப்பா இன்னும் சங்கடப்படுவார் என்று பாயில் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அப்புறம் அவரே, "எதுக்கும் ஆலிம்சாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்கினேன்.

எங்கள் பள்ளிவாசல் ஆலிம்சா சாயங்கால அசர் தொழுகை முடித்து வந்தார். மெலிந்த மனிதர், மெல்லப் பேசுவார். முன்கட்டில் பாய் விரித்து வாப்பா உட்கார வைத்தார். நானும் உம்மாவும் நடுக்கதவின் பின்னால் நின்றோம். வயதானவள் என்கிற உரிமையில் மாமி மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வாப்பா ஓலைப்பெட்டியில் செவலையைக் கொண்டுவந்து வைத்தார். அது தலையைத் தூக்கி ஆலிம்சாவைப் பார்த்து 'குயீக்' என்றது. அவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"கடிக்குமா?"

"கடிக்காது ஆலிம்சா."

"என்ன திங்குது?"

"புல்லு, கீர."

"காலைத் தூக்கிக் காட்டுங்க."

வாப்பா காலைப் பிடித்துக் காட்டினார். ஆலிம்சா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கொளம்பு இல்ல. விரலு இருக்கு, நகம் இருக்கு. இது எலி சாதி, முயலு சாதி. அது இல்ல."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் மாமி விடவில்லை.

"காலு சரி ஆலிம்சா. பேரு? இங்கிலீசுல பேரு அதுதானாம். எம்மவன் சொல்லுதான். அந்தப் பேரு உள்ளத வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு, அந்தக் கையால நார்சா குடுத்தா யாரு வாங்குவா?"

ஆலிம்சா தாடியைத் தடவினார். அவரும் ஊரில் இருக்க வேண்டுமே. "ஹராம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பேச்சுன்னு ஒண்ணு வந்துட்டுது. சந்தேகம் வந்தத விட்டுருததுதான் பேணுதல்."

பேணுதல் என்று ஆலிம்சா சொல்லிவிட்டால் அதற்கு மேல் எங்கள் தெருவில் பேச்சு இல்லை. விட்டே தீர வேண்டும் என்பதில்லை, ஆனால் விடாமல் இருந்தால் மார்க்கத்தில் குறைந்தவர்கள் என்று பெயர். வாப்பா தலையை ஆட்டினார். "வெள்ளிக்கெழம கழிச்சுக் கொண்டுபோய் விட்டுருதேன்" என்று சொல்லி, பெட்டியின் மூடியைக் கையில் எடுத்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் என் பக்கத்தில் நின்ற உம்மா பேசினாள். அந்நிய ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கும்போது அவள் குரல் முன்கட்டுக்குப் போய் நான் கேட்டதில்லை. தண்ணீர் வேண்டும் என்றாலும் கதவைத் தட்டித்தான் காட்டுவாள்.

"மைனிட்ட ஒண்ணு கேக்கணும்."

முன்கட்டில் எல்லோரும் கதவைப் பார்த்தார்கள்.

"மைனி கொண்டையில இருக்குத முள்ளு எதோட முள்ளு?"

மாமியின் கை தானாகக் கொண்டைக்குப் போனது. "இது... குத்தால முள்ளுல்லா."

"குத்தாலத்துக்கு முள்ளு மொளைக்குமா? அது ஒரு மிருகத்தோட முள்ளு. அந்த மிருகத்துக்குப் பேரு என்ன மைனி?"

மாமி வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பாள்? வாப்பா குனிந்து பாயைப் பார்த்தார். ஆலிம்சா இருமினார். சொல்லக் கூடாத வார்த்தை என்பதால் அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லப்போவதில்லை, கேள்வி அப்படியே கிடந்து மடியப்போகிறது என்று நினைத்தேன். உம்மா சொன்னாள். மெதுவாகக்கூட இல்லை, தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"முள்ளம்பன்றி."

நான் திரும்பி உம்மாவின் வாயையே பார்த்தேன்.

"அதுல வகிடு எடுத்து, அதோட தொழுவுதிய. எம்புள்ள தலையிலயும் அதவச்சுதான் கோடு போட்டிய. அப்ப பேரு ஒண்ணும் செய்யல. இப்ப இங்கிலீசுல ஒரு பேரு வந்து நம்ம வீட்டுல எல்லாத்தையும் கெடுத்துருமோ?" மூச்சு வாங்கினாள். பிறகு குரல் இறங்கியது. "ஆலிம்சா, இந்தப் புள்ளைக்குப் பள்ளிக்கூடத்த நிறுத்தினோம். வாசல அடச்சோம். வழக்கம், செஞ்சோம். பேச்சில்லாம கல்லு மாதிரி உக்காந்து கெடந்துச்சு. அது சிரிச்சு நான் பாத்தது இந்தச் சீவன் மடியில ஏறுன அன்னைக்கித்தான். பேருக்காவ அதையும் எடுக்கணும்னா, எடுக்கச் சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் கோபமாக இருந்தது உம்மாவுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கூண்டுப் பக்கம் வராமல் காதைப் பொத்திக்கொண்டு திரிந்தவள், என் பக்கம் நிற்பாள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஆலிம்சா செவலையின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு ஒரு விரலை நீட்டி, அதன் முதுகைத் தொட்டும் தொடாமலும் ஒரு தடவு தடவினார். "துரைசானி சொன்னது ஒங்க காதுல எப்படி விழுந்துச்சு?" என்று வாப்பாவைக் கேட்டார்.

"கின்னிப்பின்னு ஆலிம்சா."

"அப்பம் அதுதான் பேரு. யாரு கேட்டாலும் அதையே சொல்லுங்க. வளக்கலாம். அடுத்த நார்சாவ எனக்கு மொதல்ல குடுத்து அனுப்புங்க, நான் தெருவுல வச்சே வாங்கிக்கிடுதேன்."

அவர் எழுந்து செருப்பைப் போட்டார். மாமி கொண்டையிலிருந்து முள்ளை உருவி மடியில் செருகிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். மறுநாள் அவள் தலையில் முள் இருந்தது, வகிடும் நேராகத்தான் இருந்தது.

ஆலிம்சா போனதும் நான் கிணற்றடிக்கு ஓடினேன். செம்பில் தண்ணீர் மொண்டு எடுத்துக்கொண்டு உம்மாவுக்காக நின்றேன். வாய் நிறைய அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள், நேரே இங்கேதான் வருவாள் என்று எனக்குத் தெரியும். வந்தாள். செம்பை நீட்டினேன்.

"என்னத்துக்குட்டி?"

"வாய் கொப்புளிக்க."

உம்மா செம்பை வாங்கினாள். அதற்குள் எட்டிப் பார்த்தாள்.

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

செம்புத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். பொரி போடுகிறார்கள் என்று நினைத்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. உம்மா கூண்டருகே போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, காலடியில் கிடந்த புல்லை எடுத்து உள்ளே நீட்டினாள்.